நான் பார்க்காத கோல்

என் கணவர் பந்து விளையாடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. விருத்தாசலத்தில் என் வயதையொத்தவர்களில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் பார்த்திருக்கிறார். நான் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர்கூடப் பார்த்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் அவரோடு வாழ்ந்த நான் மட்டும் பார்க்கவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். பெண் பார்க்க வந்தபோது அவர் இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தார். என் அப்பா அதைக் கவனித்துவிட்டுத் தரகரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பந்து ஆடறப்ப அடிபட்டதுங்க. வேலை வெட்டிக்கெல்லாம் ஒண்ணும் தடையில்ல" என்றார் தரகர்.

பீங்கான் கம்பெனியில் சூளையைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி வேலை அவருக்கு. நான் அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன். அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வேலைக்குப் போவணும்னு இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

"அப்ப சரி" என்றார். கல்யாணம் முடிவாகிவிட்டது.

விருத்தாசலத்துக்கு வந்த முதல் வாரம் இருவரும் பெரிய கோயிலுக்குப் போனோம். தேரடியில் எதிரே வந்த ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரயில்வேயில் தண்டவாள வேலை செய்கிறவர், காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை. பிடித்த கையை விடாமலே என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

புதுப்பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நம்ம ஊரு லெஃப்ட் அவுட்டு. இவரு ஆட்டத்த நீங்க பாத்திருக்கணும்."

"வுடுண்ணே. நட சாத்திடுவாங்க, போயிட்டு வரேன்" என்று என் கணவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். லெஃப்ட் அவுட் என்றால் இடது ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டக்காரர் என்பதை, பிறகு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அப்படி நிறுத்தினார்கள். கடைத்தெருவில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டுப் பந்தியில். எல்லோரும் கடைசியில் என்னிடம் திரும்பி அதையே சொன்னார்கள். நீங்க பாத்திருக்கணும். எல்லோரும் சொன்னது ஒரே ஒரு கோலைப் பற்றி. நெய்வேலி அணியோடு நடந்த இறுதியாட்டத்தில், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இவர் போட்டது. ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் இரண்டு பேரைத் தாண்டினார் என்பார், இன்னொருவர் நாலு பேர் என்பார். தலையால் முட்டிப் போட்டார் என்றுகூட ஒருவர் சொன்னார். நான் ஒருநாள் இவரிடமே கேட்டேன்.

"பந்து வந்துச்சு. அடிச்சேன். உள்ள போயிடுச்சு" என்றார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன இருக்குது அதுல?"

உள்ளதைச் சொன்னால் எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஊரே அவரில் ஒரு பங்கை வைத்திருந்தது. அந்தப் பங்கு எனக்கு மட்டும் இல்லை.

அந்தக் கோல் விழுந்த மைதானம், பீங்கான் கம்பெனிகள் இருக்கிற தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருந்தது. ஒரு பக்கம் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர், அதற்கு மேலே சூளைகளின் புகைபோக்கிகள். எதிர்ப்பக்கம், பழைய சூளைகளை இடித்தபோது கிடைத்த செங்கல்லை அடுக்கி மூன்று படி கட்டியிருந்தார்கள். கேலரி என்பது அதுதான். கூரை கிடையாது, விளக்கு கிடையாது. ஆனாலும் ஊரில் யாரும் அதை மைதானம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்டேடியம் என்றுதான் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றுகொண்டு.

பள்ளத்தைத் தூர்க்க வருஷக்கணக்காகக் கம்பெனிகளிலிருந்து உடைசலைக் கொட்டி மேலே மண் பரப்பிய தரை. ஒவ்வொரு மழைக்கும் சில்லுகள் மேலே வந்துவிடும். கப்பின் காது, பொம்மையின் கை, ஃப்யூஸ் கட்டையின் மூலை. அதனால் ஆட்டம் தொடங்குமுன் ஆடுகிறவர்களும் பார்க்க வந்தவர்களும் வரிசையாக நின்று, குனிந்தபடியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து சில்லு பொறுக்குவார்களாம். வெளியூர் அணிக்காரர்களும் சேர்ந்து பொறுக்குவார்களாம். அப்படிப் பொறுக்கிய பிறகும் முழங்காலில் வெட்டுக்காயம் இல்லாத ஆட்டக்காரர் ஊரில் இல்லை.

இவருக்குக் கால் போனதும் அங்கேதான். ஆட்டத்தில்கூட இல்லை, சும்மா பயிற்சியில். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வழுக்கி முழங்கால் திருகிக்கொண்டது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, படுத்துக் கிடந்து எழுந்தபோது நடக்க முடிந்தது, சூளை ஏணியில் ஏற முடிந்தது, ஓட மட்டும் முடியவில்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் எங்களுக்குக் கல்யாணம்.

கம்பெனிக்குப் போக மைதானத்தை ஒட்டி ஒரு குறுக்குப் பாதை உண்டு. அவர் மெயின்ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார். இது எனக்குத் தெரியவே வெகுநாள் ஆயிற்று. ஒரு காலையில் கேட்டேன்.

"ஏன் சுத்திப் போறீங்க? இந்த வழியா போனா சீக்கிரம் போயிடலாமே."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "அங்க போனா காலு சொன்ன பேச்சு கேக்காது, டீச்சர்."

வீட்டிலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரே ஒருமுறை மூவரும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம். மகள் ஸ்கூலில் சேர்ந்திருந்த புதிது. பந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தோம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் புதுப் பையன்கள், இவரை யாருக்கும் தெரியவில்லை. ஒரு பந்து கோட்டைத் தாண்டி உருண்டு நேராக இவர் காலடிக்கு வந்தது. நான் அவர் காலையே பார்த்தேன். அவர் குனிந்து, கையால் எடுத்து, அந்தப் பக்கமாக உருட்டிவிட்டார்.

"ஏம்பா காலால ஒதைக்கல?" என்று மகள் கேட்டாள்.

"செருப்பு புதுசும்மா" என்றார்.

செருப்பு புதுசு இல்லை.

ஐம்பது வயதுக்கு மேல் ஏதோ தணிந்தது. சாயங்காலங்களில் தானாகவே அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். அப்போது அங்கே பந்தாட்டமே குறைந்துவிட்டது. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், கோல் கம்பங்கள் துருப்பிடித்து நின்றன. பழைய ரசிகர்கள் மட்டும் செங்கல் படியில் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாராம். தன்னைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து டீ வாங்கப் போய்விடுவாராம்.

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை நெஞ்சு வலி என்றார். ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது. என் தோளில்தான் சாய்ந்திருந்தார். பாரம் கூடியதை உணர்ந்தேன்.

அன்று பிற்பகல் தூக்கிக்கொண்டு போனார்கள். மெயின்ரோட்டில் நேராகப் போகவேண்டியவர்கள் பேட்டை முனையில் யாரும் சொல்லாமலே திரும்பினார்களாம். மைதானத்துக்குள் கொண்டுபோய் இடது ஓரக் கோட்டில் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தார்களாம். மேளம் அடிக்கிறவர்களும் நிறுத்திவிட்டார்களாம். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மருமகன் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் நான் பார்க்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அன்று தேரடியில் சைக்கிளை நிறுத்திய ரயில்வேக்காரர். ஓய்வு பெற்று, தலை முழுக்க நரைத்துவிட்டது. கூட வந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு அக்கா. மைதானத்தை ஒட்டிய கம்பெனியில் கப்புகளுக்குப் பூப்படம் ஒட்டுகிற வேலை செய்தவர். அந்தக் காலத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் பெண்கள் எல்லாம் மரப்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று, காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக ஆட்டம் பார்ப்பார்களாம்.

"ஆம்பளைங்கல்லாம் அந்தாண்ட கேலரில குந்தியிருப்பாங்க. நாங்க செவுத்து கேலரி" என்று சிரித்தார் அக்கா. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேக்காரரைப் பார்த்தார்.

"ஸ்டேடியத்த எடுத்துக்கறாங்கம்மா" என்றார் அவர். "ஏதோ கட்டடம் வருதாம். மிசினு வந்து நிக்குது. மண்ணு கொட்டறதுக்குள்ள ஒருவாட்டி எல்லாரும் அங்க கூடலாம்னு இருக்கோம். ஞாயித்துக்கெழம சாயங்காலம். நீங்களும் வரணும்."

"நான் வந்து என்னண்ணே செய்யப் போறேன்? உங்களுக்கெல்லாம் பேசறதுக்கு இருக்குது. நான் அவரு ஆடிப் பாத்ததே இல்லையே."

அவர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"பாத்ததே இல்லீங்களா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே கால் போயிடுச்சு இல்லையா?"

"ஆமா" என்றார். "ஆமா, அப்ப நீங்க இங்க இல்ல." இத்தனை வருஷம் கழித்து அதை இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரயில்வேக்காரர் டீயைக் குடித்து முடித்தார். கிளாசைக் கீழே வைத்தார்.

"அப்ப காட்டிடலாம்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து மகள் வந்திருந்தாள். வெயில் தாழ்ந்ததும் இருவரும் நடந்தே போனோம். மைதானத்தின் மூலையில் மஞ்சள் நிற மண் அள்ளும் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. கூட்டம் என்று பெரிதாக இல்லை. எல்லாம் நரைத்த தலைகள், இரண்டு மூன்று பேர் கைத்தடியோடு. நாங்கள் போனபோது எல்லோரும் வரிசையாகக் குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். சில்லு பொறுக்குகிறார்கள். நாளைக்கோ மறுநாளோ மண்ணைக் கொட்டி மூடப்போகிற தரை அது. அதில் பொறுக்கி என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் மகளும் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டோம். என் கைக்கு ஒரு பொம்மையின் பாதம் கிடைத்தது, கட்டைவிரல் அளவுகூட இல்லை, நகம்கூட வரைந்திருந்தது.

பொறுக்கி முடித்த பிறகு ரயில்வேக்காரர் ஒரு புதுப் பந்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீ இங்கே நில், நீ அங்கே நில் என்று நிறுத்த ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கோலை மறுபடி போடப் போகிறார்கள். எனக்காக.

உடனே சண்டை வந்துவிட்டது. பந்து புகைபோக்கிப் பக்கத்திலிருந்து வந்ததா, ரயில் பாதைப் பக்கத்திலிருந்தா என்று ஒரு சண்டை. முதலில் மறித்தவன் குட்டையா நெட்டையா என்று ஒன்று. ஆட்டோ ஓட்டுகிற ஒருவரை மறிக்கிறவராக நிறுத்தினார்கள். அவர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார் என்று ஒருவர் ஆட்சேபித்தார். இப்படி நடந்துகொண்டிருக்கும்போது, பஸ்ஸை விட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டியபடி உயரமான ஒருவர் மெதுவாக மைதானத்துக்குள் வந்தார். அன்றைக்கு நெய்வேலி அணிக்குக் கோல் காத்தவர் அவர்தான். அக்கா யாரையோ பிடித்து விசாரித்து, செய்தி சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் நேராக என்னிடம் வந்து கும்பிட்டார். "கேள்விப்பட்டேன்மா. சாவுக்கு வரமுடியல" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே போய்த் துருப்பிடித்த கம்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஒரு இடம் மட்டும் பாக்கி.

"அவரு எடத்துல யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

யாரும் நகரவில்லை. ரயில்வேக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றிருந்த அக்காதான் சொன்னார்.

"டீச்சர நிக்கச் சொல்லுங்க."

"நானா?" என்றேன். மகள் என் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள்.

இடது ஓரக் கோடு இருந்த இடத்துக்குப் போய் நின்றேன். அங்கே நின்றபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்தக் கோடு கேலரியை ஒட்டியே ஓடுகிறது. செங்கல் படியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் தெரிந்தது. இயந்திரத்தை ஓட்ட வந்திருந்த கருவேப்பிலங்குறிச்சிக்காரர்கூட இறங்கி வந்து படியில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இவர் இங்கேதான் ஓடியிருக்கிறார், இவர்கள் மடிக்கு எதிரிலேயே. ஊருக்கு அவர்மேல் அத்தனை உரிமை எப்படி வந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

"ஓடி வரப்ப மூச்சு வுடறது கேக்கும்மா" என்றார் படியில் இருந்த ஒருவர்.

பந்தை மெதுவாக என் பக்கம் உருட்டினார்கள். காலால் நிறுத்தினேன். ரயில்வேக்காரர் என் பக்கத்திலேயே நடந்துவந்தார், கோயிலில் பிராகாரம் சுற்றுகிறவர் மாதிரி, தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு.

"பந்து ஒசரத்துல வருது. தொடையில வாங்கிக் கீழ எறக்குறாரு. இப்ப நடங்க. கோட்ட வுடாதீங்க, கோட்டு மேலயே. தோ, அவன் வரான். நீங்க வெளிப்பக்கம் போறாப்ல தோள சாய்க்கறீங்க. சாயுங்க. ம். அவன் அந்தாண்ட போயிட்டான். நீங்க உள்ள திரும்பிட்டீங்க."

நான் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பந்தைத் தட்டித் தட்டித் திரும்பினேன். ஆட்டோக்காரர் பெரிய மனதோடு தவறான பக்கம் ஓடினார். இரண்டாமவர் தரையில் சறுக்கியிருக்க வேண்டும். இடுப்புவலிக்காரர் என்பதால் காலை மட்டும் நீட்டிக் காட்டினார். நான் அதைத் தாண்டினேன். எதிரே கோல் கம்பங்களும் உயரமான அந்த மனிதரும் மட்டும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் புகைபோக்கிகளில் புகை இல்லை. இதைத்தான் அவர் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்கதான். எடது காலால ஒரே அடி" என்றார் ரயில்வேக்காரர்.

"எடது இல்ல, வலது" என்றார் கோல் காத்தவர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இல்ல சார், எடது காலு. ஊருக்கே தெரியும்."

"அண்ணே, கோலு வாங்குனது நானு" என்றார் அவர் நிதானமாக. "அவரு எடது காலுக்காரருன்னு எங்களுக்கும் தெரியும். எடதுலதான் அடிப்பாருன்னு நம்பி நான் இந்தப் பக்கம் சாஞ்சேன். அவரு வலதுல தட்டி வுட்டுட்டாரு. பலமாகூட அடிக்கல."

இத்தனை வருஷமாக ரயில்வேக்காரர் எத்தனை பேருக்கு இடது கால் என்று சொல்லியிருப்பார். கடைசியில், "சரி, வலதுலயே அடிங்கம்மா" என்றார்.

வலது காலால் தட்டினேன். பந்து அவசரமில்லாமல் உருண்டது. கோல் காத்தவர் அன்று சாய்ந்த அதே பக்கம் சாய்ந்தார். சாய்ந்து, மெதுவாக மண்டியிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பந்து மறுபக்கமாக உள்ளே போயிற்று. கேலரியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மகள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

கோல் காத்தவரைத் தூக்கிவிட ஆட்டோக்காரர் ஓடினார். அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார். போய் எதிரே நின்றேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு.

"விழுந்தப்ப சில்லு குத்திடுச்சும்மா. எல்லாரும் அவரத் தூக்கணும்னு உள்ள ஓடி வராங்க. அவரு என்கிட்ட வந்து குந்திக்கிட்டாரு. அந்தச் சில்ல அவருதான் புடுங்குனாரு. ரத்தம் நிக்கற வரைக்கும் அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. அவங்க வந்து இழுக்கறாங்க, 'இருங்கடா, இருங்கடா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

"தண்ணி நான்தான் குடுத்தேன்" என்றார் அக்கா. "செவுத்து மேல எட்டி, கப்புல. எங்க கம்பெனி கப்பு."

"இந்தியாவுக்கே ஆடியிருப்பாருன்னு இங்க சொல்றாங்க" என்று தொடர்ந்தார் கோல் காத்தவர். "எனக்குத் தெரியாது. அந்தளவுக்கு நான் ஆட்டம் பாத்தவன் இல்ல. ஆனா எனக்குக் கோலு போட்டவங்கள்ல என் கையப் புடிச்சவரு அவரு ஒருத்தருதான்."

அவர் சொன்ன அந்த மனிதரை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நெற்றியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, நான் மாற்றிக்கொள்கிறேன் என்றாலும், "இரு டீச்சர், இரு" என்று விலகாமல் உட்கார்ந்திருந்தவர்தான் இவர். நான் பார்த்தேயிராத மனிதர் ஒருவரைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருக்கிறது என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

எல்லோரும் கேலரியில் வந்து உட்கார்ந்தோம். யாரோ பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கொடுத்ததற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடமும் ஒன்று இருந்தது.

"நானும் ஒருவாட்டி பாத்திருக்கேன்" என்றேன்.

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருநாள் ஸ்கூலுக்குக் கிளம்பற அவசரம். அவருக்கு டீ கொண்டுவந்து நீட்டறேன், கப்பு கை நழுவிடுச்சு. அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு. குனியக்கூட இல்ல. காலை நீட்டினாரு. கப்பு வந்து பாதத்துமேல உக்காந்துச்சு, மெத்தையில வெச்சாப்பல. உடையல. டீ மட்டும் கொட்டிடுச்சு. சுட்டிருக்கும். அவரு காலை அப்படியே வெச்சுக்கிட்டு அதைப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. ரொம்ப நேரம் சிரிச்சாரு. அந்தக் கால் அடிபட்டதுக்கு அப்புறம் அதைப் பாத்து அவரு சிரிச்சது அன்னைக்குத்தான்."

ரயில்வேக்காரர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தக் காலும்மா?" என்று கேட்டார்.

"இடது."

அவர் கோல் காத்தவர் பக்கம் திரும்பி, "கேட்டுக்குங்க" என்றார். அதற்கு எழுந்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மண் கொட்டினார்கள். செங்கல் படிகள் ஒரு காலை நேரத்துக்குள் போய்விட்டன. இப்போது அங்கே தூண்கள் எழும்பி நிற்கின்றன. யாரும் போராடவில்லை; மனு ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. பழைய ரசிகர்கள் பேட்டை முனை டீக்கடையில் கூடுகிறார்கள், ஆனால் பெஞ்சில் மூன்று பேருக்கு மேல் உட்கார இடமில்லை என்பதால் நின்றுகொண்டே பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். நான் கடந்து போகும்போது ரயில்வேக்காரர் வணக்கம் சொல்வார். இந்தக் கோடையில் அவருக்கும் நடை குறைந்துவிட்டது.

அக்காவும் நானும் மட்டும் பழக்கத்தை விடவில்லை. சொல்லப்போனால் எனக்கு அது புதுப் பழக்கம். போன மாதம் நெய்வேலியில் பெண்கள் போட்டி ஒன்று நடக்கிறது என்று கோல் காத்தவர் போன் செய்தார். இருவரும் புளிச்சாதம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம். அங்கே மைதானம் பச்சைப் புல், உட்காரச் சிமெண்டுப் படி, மேலே தகரக் கூரை. அக்கா ஆட்டம் தொடங்கியதிலிருந்து வாய் மூடவில்லை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு அவர் விளக்கியதை நான் இன்னும் நம்பவில்லை.

சேத்தியாத்தோப்பு அணியில் ஒல்லியாக ஒரு பெண், இடது ஓரத்தில் ஆடினாள். இரண்டு பேரைத் தாண்டி அழகாக வந்தாள். எதிரே கோல் காப்பவள் ஒருத்திதான். அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. அவள் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் படிக்கு எதிரிலேயே அசையாமல் நின்றாள். வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டிய நான், எழுந்து நின்று உரக்கக் கூப்பிட்டிருக்கிறேன். அக்கா சொல்லித்தான் அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது.

"வுடும்மா. போவட்டும். அடுத்தது போட்டுக்கலாம், ஓடு."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். யாரென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பந்தை எடுக்க ஓடினாள்.